குடியேற்றவாதம் பற்றிய படநூலை ஆராய்வது எப்படி? தொடக்க மாணவர்களுக்கான செய்முறை

வன்னியில் 'குடியேற்றம்' என்றதும், குளத்தின் கீழ்க் காணி வழங்கிக் குடும்பங்களை இருத்திய திட்டங்களே பலருக்கு நினைவில் வரும். இங்கு ஆராயும் குடியேற்றவாதம் அதுவன்று. கடல் கடந்து வந்த அரசொன்று பிறருடைய நிலத்தைத் தனதாக்கிக்கொண்ட வரலாறு. மாணவர்கள் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டே நூலைத் திறக்க வேண்டும்.

ஜோன் மார்ஸ்டன் எழுத, ஷோன் டான் வரைந்து 1998 இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த 'த ரபிட்ஸ்' நூலை எடுத்துக்கொள்வோம். அதில் பிரித்தானியர் முயல்களாகவும், மண்ணின் மக்கள் அந்நாட்டுச் சிறு விலங்குகளாகவும் வருகின்றனர். 1859 இல் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்களே பெருகி, பெரும் நிலப்பரப்பை மேய்ந்து அழித்தன என்பது தெரிந்தால்தான் அந்த உருவகத்தின் கனம் புரியும்.

முதலில், எழுத்துள்ள இடத்தைத் தாளால் மூடிவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். 'கொடுமை', 'சோகம்' போன்ற சொற்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே பின்னர் அதிகம் தடுமாறுகிறார்கள்.

அடுத்து, நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்று கேளுங்கள். குளக்கட்டில் நின்று வயலைப் பார்ப்பவருக்கு எல்லாமே தன் காலடியில் கிடப்பதுபோல் தோன்றும். வயலுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கோ அதே கட்டு மலையாகத் தெரியும். முயல்கள் கரையிறங்கும் பக்கத்தில், கூரிய முனையுடைய கப்பல் வானளாவ எழுந்து நிற்கிறது. அந்த அளவுப் பெருக்கமும் கூர்மையும் கரையில் இருப்போரின் பார்வையிலிருந்து பிறந்தவை.

அப்பக்கத்தை விட்டு உடனே நகர வேண்டாம். பிரித்தானியக் கடலோடி ஜேம்ஸ் குக் 1770 இல் அவுஸ்திரேலியாவில் கரையிறங்கியதை இ. பிலிப்ஸ் ஃபொக்ஸ் 1902 இல் ஓவியமாகத் தீட்டினார். அதில் குக்கின் குழு நடுவில் பெரிதாக நிற்க, மண்ணின் மக்கள் தொலைவில் சிறு உருவங்களாகத் தெரிகின்றனர். டான் அந்தக் காட்சியமைப்பையே எடுத்து, மாவீரச் செயலாகக் காட்டப்பட்டதை அச்சுறுத்தலாக மாற்றுகிறார். நம் வன்னியின் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லை இங்கு நினைத்துப் பாருங்கள்: 1803 இல் வன்னியின் தமிழ்த் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த படைத்தலைவரே அதன் வாசகத்தில் எழுவாய், பண்டாரவன்னியன் செயப்படுபொருள். படத்திலும் எழுவாய் யார் என்று தேடலாம்.

நிறத்தையும் கோட்டையும் சேர்த்தே பார்க்கலாம். தொடக்கப் பக்கங்களில் வெதுவெதுப்பான நிறங்களும் வளைந்த நிலமும் உள்ளன; பின்னர் நேர்கோடுகள், எண்கள், அம்புக்குறிகள், புகை மண்டிய பழுப்பு ஆகியன பக்கங்களை ஆக்கிரமிக்கின்றன.

இனி எழுதத் தொடங்குங்கள். "கப்பல் பயங்கரமாக உள்ளது" என்பது ஆராய்ச்சியாகாது. "கப்பலின் முனை பக்கத்தின் உயரத்தை நிறைக்குமாறு கூர்மையாக வரையப்பட்டிருப்பதால், கரையில் உள்ள உயிர்கள் எதிர்க்க இயலாத அளவுக்குச் சிறுத்துப்போகின்றன" என்பதில் உத்தி, சான்று, விளைவு மூன்றும் உள்ளன.

இறுதிப் பக்கத்தை இதே முறையில் நீங்களே செய்துபாருங்கள். பெரும்பகுதி இருள், விண்மீன்கள் தெரியும் சிறு நீர்நிலையருகே ஒரு முயலும் ஒரு சிறு விலங்கும் எதிரெதிரே உள்ளன. அவ்விருவரின் உருவ அளவைக் கப்பல் வந்த பக்கத்தோடு ஒப்பிட்டு எழுதிய பின்னரே, மூடிவைத்த தாளை அகற்றி எழுத்தை வாசியுங்கள்.