ஓவன் இல்லாமல் பன்றி விலா எலும்பு வறுவல்

பெரம்பூர், ராயபுரம் பக்கம் பன்றிக்கறி வாங்குறவங்க, விலா எலும்பைத் தனியா ஒவ்வொண்ணா வெட்டித் தரச் சொல்லுங்க. 1 கிலோவுக்கு உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, 2 டேபிள்ஸ்பூன் வினிகர் பிசறி ஒரு மணி நேரம் ஊறட்டும். அடிகனமான சட்டியில் எண்ணெயே வேண்டாம். கொழுப்புப் பக்கம் கீழே இருக்குற மாதிரி அடுக்கி, சின்னத் தீயில் விட்டா அதுவே உருகி வரும். மிளகாய்த்தூளை இப்பவே போட்டா கருகிடும். கறி சிவந்ததும் தூளும் ஒரு டம்ளர் வெந்நீரும் சேர்த்து, மூடி, ஒன்றேகால் மணி நேரம் சிம்மில் வைங்க. நடுவுல தண்ணி வத்தினா கொஞ்சம் ஊத்துங்க. குக்கர்னா சீக்கிரம்தான், ஆனா கறி எலும்பை விட்டுக் கழண்டுடும், எனக்குப் பிடிக்காது. கத்தி நுனி சுலபமா இறங்கினா வெந்தாச்சு. மிளகுத்தூள், கறிவேப்பிலை போட்டு மசாலா எலும்புல ஒட்டுற வரைக்கும் புரட்டுங்க. மிஞ்சின கொழுப்பைக் கொட்டிடாதீங்க, உருளைக்கிழங்கு வறுக்க ஆகும்.