பரங்கிமலை: எழுதுபவரும் ஏறுபவரும் செய்யும் தவறுகள்

சென்னையின் தென்மேற்கில் எது நடந்திருந்தாலும் அதைப் பரங்கிமலை உச்சியில் கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் இந்தக் குன்றைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. குன்றின் உயரமோ சுமார் 300 அடிதான். அடிவாரச் சமவெளியில் நடந்தது, பல்லாவரத்தில் நடந்தது, கல்கத்தாவில் பெயர் வைத்தது என எல்லாமே இதன் தலையில் ஏறிவிடுகின்றன.

எவரெஸ்ட்டை இங்கிருந்து அளக்கவில்லை

இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் நிலஅளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை மலைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, “எவரெஸ்ட்டின் உயரத்தை அளந்த இடம்” என்று எழுதிவிடுகிறார்கள். லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது ஓர் அடிக்கோட்டு அளவீடு. பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை, சுமார் 12 கிலோமீட்டர். கோடு முழுக்கத் தரையில்தான் ஓடியது. முக்கோணங்கள் வழியே தூரம் கணக்கிட வேண்டுமானால் ஏதாவது ஒரு பக்கத்தையாவது நேரில் அளந்தாக வேண்டும். அதற்குத் தேவை சமதரை, மலை அல்ல.

அளக்கப் பயன்பட்டது 100 அடி எஃகுச் சங்கிலி. ஏறத்தாழ 400 முறை அதை நீட்டிப் போட வேண்டியிருந்தது. சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள்மேல் மட்டம் பார்த்து வைத்தார்கள். பக்கத்திலேயே வெப்பமானிகளும் உண்டு. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதுதான் காரணம். வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் தவறாகக் குறித்தால்கூட 12 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட அரை அடி பிழை வந்துவிடும். வேலை முடிய 57 நாள் ஆனது.

கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள புகழ்பெற்ற கருவியான தியோடலைட்டையும் இந்தக் காட்சியில் சேர்த்துவிடுகிறார்கள். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கருவி சென்னை வந்து சேர்ந்தபோது அடிக்கோடு அளந்து முடிந்திருந்தது. ‘பெரும் வில்’ எனப்படும், தெற்கு வடக்காக ஓடும் நீண்ட அளவீடும் இந்தக் குன்று வழியாகப் போகவில்லை. அது 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியது. சென்னை இருப்பது 80 டிகிரியில். சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த நிலஅளவைப் பணியில் சேர்ந்தது 1818-ல். சிகரத்தின் உயரத்தை அதே பணியின் கணிதர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்டது 1852-ல், லாம்டன் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பிறகு.

இது எரிமலை அல்ல

கறுத்த பாறையைக் கண்டதும் எரிமலைக் குழம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கல் வியாபாரத்தில் ‘கருப்பு கிரானைட்’ என்றும் சொல்வார்கள். இதன் பெயர் சார்னோக்கைட். பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான மிகப் பழைய பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பாரோடு ஹைப்பர்ஸ்தீன் கனிமமும் சேர்ந்திருப்பதே இதன் அடையாளம். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, கெட்டிப் பாறை மட்டும் குன்றாக எஞ்சி நிற்கிறது.

ஜாப் சார்னாக் இதைக் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குப் பாறையியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய கல்லறைமேல் வைத்த பலகைக்கல் இந்தப் பகுதிக் கல். அதை அடையாளம் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார்.

பாறையை நேரில் பார்க்கப் போகிறவர்கள் வெளித்தோலை வைத்து முடிவுகட்டக் கூடாது. வெயில் மழை பட்ட பரப்பு மங்கிய பழுப்பாக இருக்கும். முன்பே உடைந்து கிடக்கும் முகத்தைத் தேடுங்கள்: நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. சுத்தியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். இந்தக் கூட்டத்தில் உயரமான குன்றும் இதுவல்ல. திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் இதைவிட உயர்ந்தவை.

சிலுவையும் படிகளும்

இயேசுவின் சீடர் தோமாவின் வரலாற்றில் மூன்று இடங்களைப் போட்டுக் குழப்புவார்கள். மரபுப்படி அவர் ஒளிந்திருந்தது சைதாப்பேட்டைச் சின்னமலை, உயிர்நீத்தது பரங்கிமலை, அடக்கமானது சாந்தோம். இதை மரபு என்றே எழுதுங்கள். 1547-ல் போர்த்துகீசியர் இந்த மலையில் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. முதல் நூற்றாண்டுக்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியது. அதைத் தோமாவே பொறித்தார் என்பது பக்தி நம்பிக்கை. மலையேறும் படிக்கட்டும் போர்த்துகீசியர் வேலை இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தது அது.

பல்லாவரம் வேறு

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியை எடுத்தது பல்லாவரத்தில். அதுவும் மலையில் அல்ல, அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில். மகேந்திரவர்மன் குடைந்த குகையும் பல்லாவரத்துக் குன்றில்தான், இப்போது தர்காவாக இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் வழிபாட்டிடத்துக்கு உரிய மரியாதையோடு போக வேண்டும்.

போகும்போது

‘பரங்கிமலை’ ரயில், மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மலை எதிரே நிற்கும் என்று எண்ண வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் “மவுண்ட்” என்று மட்டும் சொன்னால் நிலையத்திலேயே விட்டுவிடக்கூடும். “மலைமேல் சர்ச்” என்று சொல்லுங்கள். முதியவர்கள் படியேறியே ஆக வேண்டும் என்பதில்லை, உச்சி வரை வண்டிப் பாதை இருக்கிறது. டிசம்பர் 18 மாதா திருவிழா, அன்று மலைமேல் உள்ள தேவாலயத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம்: விமான நிலையம் கூப்பிடு தூரத்தில், சுற்றிலும் ராணுவக் குடியிருப்பு. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவியோடு சேர்த்து நீங்களும் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும்.