ஏழரை மணி: தலைக்காய ஆய்வில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். தலைக்காயத்துக்கான பன்னாட்டு மருந்தாய்வு ஒன்றில் அவர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். கேஷுவால்ட்டி மேசையில் நிரப்பி வைத்திருந்த படிவங்களைப் புரட்டினேன். அடிபட்ட நேரம் 20.00. அடுத்தது 21.30. அதற்கடுத்தது 18.00. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்து இதே மாதிரி எண்களை எழுதியவள் நான்.

நியூரோசர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து டிரையல் கோஆர்டினேட்டர் ஆனேன். கையெழுத்து விட்டுப்போவது, பக்க எண் போடாதது, ஃபைல் காணாமல் போவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஆய்வை நடத்துபவர்கள் சார்பில் வந்து ஃபைல்களைச் சரிபார்க்கும் மானிட்டர் முதல் விசிட்டிலேயே பிடித்துத் திருத்திவிடுவார். யார் கண்ணிலும் படாமல் ஒரு வருடம் ஓடிவிடும் தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

ஏழரை

எங்கள் ஆய்வில் ஒரு நிபந்தனை: அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்தவரைத்தான் சேர்க்கலாம். அன்று ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். டூவீலரிலிருந்து விழுந்தவர், தாலுகா ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து நம்மிடம் அனுப்பியிருந்தார்கள். சிடி எடுத்தாயிற்று, உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறது, மற்ற எல்லாத் தகுதியும் பொருந்துகிறது. மூன்று வாரமாக ஒருவரைக்கூடச் சேர்க்காமல் இருந்தோம். வாராவாரம் வரும் மின்னஞ்சலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேரே பூஜ்யம். எனக்குக் கை பரபரத்தது.

“எப்பம்மா விழுந்தாரு?” என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

“சாயங்காலம் சிஸ்டர்.”

“சாயங்காலம்னா? இருட்டிடுச்சா?”

“இருட்டற நேரந்தான்.”

“ஒரு ஏழரை இருக்குமா?”

அந்தம்மா அழுதுகொண்டே தலையாட்டினார். நான் 19.30 என்று எழுதினேன். பத்தேகாலுக்கு ஆய்வில் சேர்த்தோம். இரண்டே முக்கால் மணி நேரம். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மானிட்டர் வந்தார். அமைதியான பெண்மணி, குரல் உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். கேஸ் ஷீட்டின் கடைசியில் தாலுகா ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி ஒட்டியிருந்தது. அவர்கள் பதிவு செய்த நேரம் மாலை 5.50. விபத்து நடந்தது சுமார் ஐந்து மணிக்கு என்று டூட்டி டாக்டர் கைப்பட எழுதியிருந்தார். ஐந்தேகால் மணி நேரம் தாண்டிய ஒருவரை மூன்று மணி நேர ஆய்வில் சேர்த்திருக்கிறோம். விபத்தே நடக்காத ஏழரை மணிக்கு விபத்து நடந்ததாக எழுதியிருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. அதுவரை நாங்கள் சேர்த்திருந்த பதினோரு பேரின் ஃபைலையும் மானிட்டர் எடுத்து வரச்சொன்னார். அடிபட்ட நேரங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். பதினொன்றுமே முழு மணி அல்லது அரை மணி. “உங்க ஊர்ல எல்லாரும் கடிகாரத்தப் பார்த்துத்தான் கீழ விழறாங்களா?” என்று கேட்டார். சிரிக்கவில்லை.

எங்கள் மையத்தில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். எத்திக்ஸ் கமிட்டிக்கு விதிமீறல் கடிதம், எல்லோருக்கும் மறுபயிற்சி, பதினோரு ஃபைலுக்கும் மூல ஆவணம் தேடி அலைச்சல். ஆறு வாரம் போயிற்று. ஏழரை என்று எழுதினேன், ஏழரையே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த ஒரு கட்டம் எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்கு யாருமே சொல்லவில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராப்பிகல் மெடிசின் ஒருங்கிணைத்த கிராஷ்-2 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், விபத்தில் ரத்தம் இழந்த 20,211 பேர். இந்திய ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்து உயிர் காக்கிறது என்று 2010-இல் முடிவு வந்தது. அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 7.7. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கணக்குத் தலைகீழ்: மருந்து ஏறியவர்களில் 4.4, மற்றவர்களில் 3.1. ஒரே மருந்து, முன்னால் கொடுத்தால் காப்பாற்றுகிறது, பின்னால் கொடுத்தால் கெடுக்கிறது. அதனால்தான் தலைக்காயத்துக்கான கிராஷ்-3 ஆய்வில், முதலில் எட்டு மணி நேரம் என்று இருந்ததை 2016-இல் மூன்றாகக் குறைத்தார்கள். மொத்தம் சேர்ந்த 12,737 பேரில் மூன்று மணி நேரத்துக்குள் வந்த 9,202 பேரை வைத்துத்தான் 2019-இல் முக்கிய முடிவைச் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். 274 ஆஸ்பத்திரியிலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து ஐந்து மணியை ஏழரை ஆக்கியிருந்தால், அந்த மூன்று மணிக் கோடு யாருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது நான் செய்வது இதுதான். நேரத்தை நானாக எடுத்துக் கொடுப்பதில்லை. “ஏழரை இருக்குமா” என்று கேட்டால் பதறிப்போனவர் எதற்கும் தலையாட்டுவார். “முதல்ல உங்களுக்கு யார் போன் பண்ணிச் சொன்னாங்க?” என்று கேட்பேன். கைபேசியை வாங்கி அந்த அழைப்பின் நேரத்தைப் பார்ப்பேன். விபத்து அதற்கு முன்னால்தான் நடந்திருக்க முடியும். 108-இல் வந்திருந்தால் அழைப்பு வந்த நேரம் வண்டியில் இருக்கும் டெக்னீஷியனிடம் இருக்கும். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தால் ஏ.ஆர். காப்பி கைக்கு வரும்வரை பேனாவை எடுப்பதில்லை. இவை எதுவுமே இல்லாத கிராமத்து விழுகை என்றால், கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தது யார், எப்போது என்று கேட்டு அதை எழுதி, யார் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே குறிப்பேன். மணிக்கணக்கு சந்தேகமாக இருந்தால் சேர்க்க மாட்டேன். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும்.

நள்ளிரவு தாண்டியவர்களிடம் இன்னொரு கவனம். “சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி” என்று நம் ஆட்கள் சொன்னால் அது நாட்காட்டிப்படி ஞாயிறு. ஆய்வை ஒருங்கிணைக்கும் லண்டனிலிருந்து வரும் மின்னஞ்சலின் நேரத்தை, நோயாளியைச் சேர்த்த நேரமாக அப்படியே படிவத்தில் இறக்கியவர்களும் உண்டு. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. அடிபடுவதற்கு முன்பே ஆய்வில் சேர்ந்த ஒரு நோயாளியை இப்படித்தான் ஒரு முறை பார்த்தேன்.

தூக்க மருந்துக்குப் பின் எடுத்த ஜிசிஎஸ்

ஜிசிஎஸ் என்பது நோயாளியின் நினைவு நிலைக்கான மதிப்பெண். தூக்க மருந்துக்குப் பின் எடுத்தால் அது மருந்தின் ஸ்கோர், மூளையின் ஸ்கோர் இல்லை. மூச்சுக்கு டியூப் போடுவதற்கு முன் எடுங்கள்.

‘போலி மருந்து’

எங்களுக்கு வந்த முதல் தமிழ் ஒப்புதல் படிவத்தில் பிளேசிபோ, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்துக்குப் பதிலாகக் கொடுப்பது, என்பதை ‘போலி மருந்து’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அகராதியைப் பார்த்துச் செய்தவருக்கு அது சரியாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு பெரியவர் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: “ஏம்மா, போலி மருந்து வித்தா கடைக்காரனப் போலீஸ் புடிக்குது. நீங்க எம்புள்ளைக்கே ஏத்துவேன்னு எழுதி வச்சிருக்கீங்களே?” என்னிடம் பதில் இல்லை.

படிவத்தை எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன், ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். காய்கறி வாங்கும் அக்கா போதும். நாங்கள் இப்போது ‘மருந்து கலக்காத உப்புநீர்’ என்று எழுதுகிறோம். உள்ளே இருப்பதும் அதுதான். கூடவே, வழக்கமாகக் கொடுக்கும் எல்லாச் சிகிச்சையும் இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். நாலாம் பக்கத்துக்குத் தள்ளினால் யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள்.

கூட வந்தவர் கையெழுத்து

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர் நல்ல மனிதர். ஆனால் சட்டப்படி ஒப்புதல் தரத்தக்க பிரதிநிதி அவர் இல்லை. படிக்கத் தெரியாத உறவினர் கைநாட்டு வைத்தால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து உடனிருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது. நோயாளிக்கு நினைவு திரும்பியதும் அவரிடமும் பேசுங்கள். தன் தலைக்குள் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவருடையது.

பாக்கெட்டைத் திறந்த பிறகு மனம் மாறுவது

கிராஷ்-3-இல் ஒவ்வொரு பெட்டியிலும் எட்டுப் பாக்கெட்டுகள் இருந்தன. எண்ணைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே மருந்தா உப்புநீரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஆய்வில் ஒருவருக்கென்று ஒரு பாக்கெட் எண் விழுந்துவிட்டால் அவர் கடைசிவரை அந்தக் கணக்கில்தான் இருப்பார். டிரிப் பாதியில் நின்றாலும், அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனதால் மருந்தே ஏறாவிட்டாலும், அவருடைய முடிவு நமக்கு வேண்டும்.

புதிய டீமில் ஒரு பி.ஜி. டாக்டர் பெருமையாகச் சொன்னார்: “மேடம், அந்த கேஸ்ல ரெண்டாவது டோஸ் போகல, அதனால எடுத்துட்டேன், டேட்டா சுத்தமா இருக்கட்டும்னு.” சுத்தம் இல்லை சார் அது. மருந்து முடியும்முன் இறந்தவர்களும் தியேட்டருக்கு ஓடியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பிழைக்கக்கூடியவர்கள் மட்டும். எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

முதல் கிராஷ் ஆய்வு நினைவிருக்கட்டும். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது அதற்கு முன் பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். 49 நாடுகளில் 239 ஆஸ்பத்திரிகள், 10,008 பேர். 20,000 பேர் வரை போகத் திட்டமிட்டிருந்ததை 2004-இல் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், மற்றப் பக்கம் 17.9. நூற்றுக்கு மூன்று பேர் வித்தியாசம். சராசரியாக ஓர் ஆஸ்பத்திரிக்கு நாற்பது சொச்சம் நோயாளிகள். எந்த வார்டில் எவ்வளவு பெரிய சர்ஜன் நின்று பார்த்தாலும் அது கண்ணில் படாது. எல்லோரும் கழிக்காமல் எண்ணியதால்தான் பட்டது.

ஒயிட்னர்

கூடாது. ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி.

லண்டன் கேட்காததை டெல்லி கேட்கும்

தலைக்காய ஆய்வில் மரணம் என்பது எதிர்பார்த்து அளக்கும் முடிவு. அதைத் தனியாகப் பாதக நிகழ்வு என்று அனுப்ப வேண்டாம் என்று புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) இருக்கலாம். அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகள்படி, ஆய்வாளர் தீவிரப் பாதக நிகழ்வை டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மரணம் அந்தப் பட்டியலில் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் அந்த 24 மணியில் சேரும்.

‘நல்லாயிருக்காரு’

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரே ஒரு போன் நம்பர் வாங்கி வைப்பது முதல் தப்பு. ஆறு மாதத்தில் அந்த சிம் இருக்காது. நான் மூன்று வாங்குவேன்: வீடு, மச்சான் அல்லது தம்பி, அப்புறம் ஊரில் ஒரு கடை. கடைதான் இடம் மாறாமல் இருக்கும்.

இரண்டாவது தப்பு, எடுத்தவர் சொன்ன முதல் வார்த்தையோடு போனை வைத்துவிடுவது. ஒரு மளிகைக்கடைக்காரர், ஆறு மாத ஃபாலோஅப். மனைவி எடுத்தார். “நல்லாயிருக்காரு சிஸ்டர், தெய்வம் உங்களுக்கு நல்லது பண்ணட்டும்.” எட்டுப் படி உள்ள அளவுகோலில் நான் 8 என்று போட்டேன், முழுக் குணம். வைக்கப் போனவள், பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்து கேள்வித்தாளை வரிசையாகக் கேட்டேன். தனியாக வெளியே போகிறாரா? போகிறார். குளிப்பது, சாப்பிடுவது? அவரே. கடைக்கு?

“போறாரு. மதியம் வரைக்கும் உக்காருவாரு. கணக்கு மட்டும் வரல. மீதிச் சில்லறை தப்புத் தப்பா குடுத்துடறாரு, அதனால பாதி நாள் எந்தம்பி பாத்துக்கறான்.”

வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “முன்ன கைய ஓங்க மாட்டாரு சிஸ்டர்” என்றார்.

8-ஐ ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 6 என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன்.