பெரம்பலூரை வைத்து ஒரு மாவட்டத்தின் புள்ளிவிவரம் எடுப்பது எப்படி

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கோ கோயில் மலருக்கோ தங்கள் ஊரின் விவரம் தேடுகிறவர்களில் பாதிப்பேர் தாலுகாவும் ஒன்றியமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பெரம்பலூர் சின்ன மாவட்டம், 2011 சென்சஸ் கணக்கில் 5,65,223 பேர்தான், அதனால் கற்றுக்கொள்ள வசதி.

முதலில் இரண்டு வரிசையையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். நிலம், பட்டா, சான்றிதழ் எல்லாம் வருவாய்த்துறை: கலெக்டர், ஆர்டிஓ, தாசில்தார், பிர்காவுக்கு (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர், கீழே விஏஓ. ரோடு, குடிநீர், தெருவிளக்கு என்றால் ஊரக வளர்ச்சித் துறை: பிடிஓ என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி செயலர். வருவாய்த்துறையின் தாலுகாக்கள் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர். ஊரக வளர்ச்சித் துறையின் ஒன்றியங்கள் பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர். குன்னம் என்று ஒன்றியம் கிடையாது, வேப்பூர் என்று தாலுகா கிடையாது. பெயர் ஒத்துப்போகிற இடத்திலும் எல்லை ஒன்றேதான் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் ஊர் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் பட்டாவோ சிட்டாவோ இருந்தால் அதிலேயே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் மூன்றும் இருக்கும், இல்லாவிட்டால் விஏஓவிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் சென்சஸ் பட்டியலில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம்தான், ஊராட்சி அல்ல. குக்கிராமத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காமலே போகலாம்.

அப்புறம் சென்சஸ் இணையதளத்தில் 2011 மாவட்ட சென்சஸ் கையேட்டின் இரண்டாம் பகுதியை, அதாவது பார்ட் பி-யை இறக்குங்கள். ஊருக்கு ஒரு வரி: வீடுகள், ஆண், பெண், 0-6 வயதுக் குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, படித்தவர்கள், விவசாயிகள், விவசாயக் கூலிகள் என்று போகும். படிப்பறிவு சதவீதம் போடும்போது மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள், 0-6 குழந்தைகளைக் கழித்துவிட்டு மீதியால் வகுக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் ஊர் காரணமே இல்லாமல் மாவட்டச் சராசரியான 74 சதவீதத்துக்குக் கீழே போய் நிற்கும்.

ஆலத்தூர் தாலுகா இந்தக் கையேட்டில் இருக்காது, அது பிறகு பிரிந்தது. பூலாம்பாடி, அரும்பாவூர், குரும்பலூர், லப்பைக்குடிக்காடு நான்கும் பேரூராட்சிகள், எனவே நகரப் பகுதிக் கணக்கில் வரும். வயல் நடுவே நின்றுகொண்டு இது நகரமா என்று கேட்கத் தோன்றும்தான், ஆனால் கணக்கு அப்படி.

பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுகிறவர்கள் வருடத்தைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது அரியலூரும் பெரம்பலூரோடுதான் இருந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம், 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். ஆக 2004-ல் வந்த ஒரு புள்ளிவிவரத்தில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று போட்டிருந்தால் அதில் அரியலூரும் சேர்த்திதான். இன்றைய எண்ணோடு நேராக வைத்தால் மாவட்டமே காலியாகிவிட்ட மாதிரி தெரியும்.

எம்.பி. யார் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, குன்னமோ சிதம்பரத்தில். ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதி என்று வாக்காளர் பட்டியலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.