ஏற்றுமதி டாலருக்கு பார்வர்டு புக் செய்வது எப்படி?

திருப்பூரில் பையருக்கு (வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்கு) விலை கொடுக்கும் அன்றே காஸ்டிங் ஷீட்டில் (அடக்கவிலைக் கணக்கில்) ஒரு டாலர் விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறோம். பணம் வந்து சேர நான்கைந்து மாதம் ஆகிவிடும். அதற்குள் ரூபாய் இரண்டு சதவீதம் வலுத்தாலே பின்னலாடையில் நிற்கும் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். பின்னால் வரப்போகும் டாலரை என்ன விலைக்கு விற்பது என்று இன்றே வங்கியுடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் பார்வர்டு புக் செய்வது. அது அந்தக் காஸ்டிங் விலையைக் காப்பாற்றத்தான். டாலர் இன்னும் ஏறும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 நல்ல சாட்சி. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், கடன் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கப் போவதாகக் கோடி காட்டியதும் அந்நிய முதலீடு வெளியேறியது. மே மாதம் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68-ஐத் தாண்டியது. பெடரல் ரிசர்வ் அந்த முடிவைத் தள்ளிவைத்தது. ரிசர்வ் வங்கியும் வெளிநாடுவாழ் இந்தியரின் டாலர் டெபாசிட்டுகளை ஈர்க்கத் தனி ஏற்பாடு செய்தது. அக்டோபரில் டாலர் 62-க்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஏறும் என்று 68-இல் விற்காமல் இருந்தவருக்கு நஷ்டம்தான்.

முதலில், உண்மையில் எவ்வளவு டாலர் விற்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இன்வாய்ஸ் தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏஜென்ட் கமிஷன், டாலரில் வாங்கும் ஜிப், லேபிள், துணி ஆகியவற்றைக் கழியுங்கள். டாலரில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு தயாரிக்க வங்கி முன்கூட்டியே தரும் கடன்) எடுத்திருந்தால் அதையும் கழித்தே ஆக வேண்டும். அந்த டாலரை எடுத்த அன்றே ரூபாயாக மாற்றிவிட்டீர்கள். வரும் பணம் அந்தக் கடனை அடைக்கப் போய்விடும். அதன் மேல் பார்வர்டும் போட்டால் ஒரே டாலரை இரண்டு முறை விற்றதாகும். அடிக்கடி நடக்கிற, கையைச் சுடுகிற தவறு இது. மிஞ்சுவதில் ஷிப்மென்ட் ஆன சரக்குக்கு முக்கால் பங்கும், ஆர்டர் மட்டும் கையில் இருப்பதற்குப் பாதியும் புக் செய்தால் போதும். மீதி, பையர் குறை சொல்லிப் பிடிக்கும் கிளெய்முக்கும் டிஸ்கவுண்டுக்கும் இடம்.

இன்வாய்ஸ் யூரோவில் இருந்தால் யூரோவுக்கே புக் செய்யுங்கள். டாலரில் போட்டால் யூரோ–டாலர் ஏற்ற இறக்கம் உங்கள் தலையிலேயே நிற்கும்.

அடுத்தது தேதி. பையர் 60 நாள் என்று எழுதியிருப்பார், 75-ஆம் நாள்தான் கட்டுவார். பழைய வரவுகளைப் பார்த்து அந்த உண்மையான நாளை எடுங்கள். நாள் உறுதியாகத் தெரியாவிட்டால் ஒரு மாத இடைவெளி வைத்து, அதற்குள் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கும்படி புக் செய்யலாம். ஆனால் அந்த இடைவெளியின் முதல் நாள் வரைக்கும்தான் வங்கி பிரீமியம் (இன்றைய விலைக்கு மேல், காத்திருக்கும் நாளுக்காகச் சேரும் தொகை) தரும். அதனால் அதை அகலமாக வைக்காதீர்கள்.

விலை கேட்கும்போது ஸ்பாட் (அன்றைய சந்தை விலை), பிரீமியம், வங்கி மார்ஜின் (வங்கி தனக்கு எடுத்துக்கொள்வது) மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கணக்குக்கு, ஸ்பாட் 85.00, பிரீமியம் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 42 பைசா சேரும், பார்வர்டு 85.42. வங்கி 10 பைசா எடுத்தால் கைக்கு 85.32. 50,000 டாலருக்கு அந்த 10 பைசா 5,000 ரூபாய், எனவே பேரம் பேசுவதில் கூச்சம் வேண்டாம். சந்தை விலை தெரிய, கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2019-இல் தொடங்கிய, டாலர் வாங்கி விற்கும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் இணையத் தளத்தில் உங்கள் வங்கி வழியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு வரை புக் செய்யலாம் என்ற பார்வர்டு லிமிட்டையும் முன்கூட்டியே சாங்ஷன் வாங்கி வையுங்கள். ஆர்டர் வந்த பிறகு கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

பணம் தாமதமானால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன 85.32 காண்ட்ராக்ட் முடியும் அன்று டாலர் 87.00, பையர் இன்னும் ஒரு மாதம் கேட்கிறார். நீட்டிப்பது என்றால் பழையதை அன்றைய விலைக்கு கேன்சல் செய்து, புதிதாக புக் செய்வது. 85.32-க்கு விற்ற டாலரை 87-க்குத் திரும்ப வாங்கியது போலத்தான் இது. கேன்சல் வித்தியாசம் 1.68 ரூபாய், 50,000 டாலருக்கு 84,000 ரூபாய் அன்றே கரண்ட் அக்கவுண்டில் கழியும். புதிய காண்ட்ராக்ட் 87-ஐ ஒட்டிய விலையில் இருப்பதால், பணம் வரும்போது அந்த 84,000 பெரும்பாலும் திரும்பிவிடும். அதுவரை ஒரு மாதம் அதைத் தாங்க வேண்டும். சம்பள வாரத்தில் இது வந்தால் நெருக்கடிதான், அதனால் ஒரே தேதியில் பெரிய தொகையாகப் போடாமல் இரண்டு மூன்று காண்ட்ராக்டாகப் பிரியுங்கள்.

டாலர் முன்னதாகவே வந்துவிட்டால் சீக்கிரம் டெலிவரி கொடுக்கலாம். தேதியை முன்னால் இழுப்பதற்கான ஸ்வாப் செலவை வங்கி பிடித்துக்கொள்ளும். ஈஈஎஃப்சி கணக்கில் (வரவை டாலராகவே வைக்கும் ஏற்றுமதியாளர் கணக்கு) வைத்தும் காத்திருக்கலாம். ஆனால் வரவு வந்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் அதை டாலர் செலவுக்குப் பயன்படுத்தாவிட்டால் ரூபாயாக மாற்றியாக வேண்டும்.

என்ன முடிவெடுத்தாலும் முதிர்வு நாளுக்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பேசாமல் விட்டால் சில வேலை நாட்களில் வங்கியே காண்ட்ராக்டை கேன்சல் செய்துவிடும். அப்படிக் கேன்சலாகும்போது நஷ்டம் இருந்தால் உங்களிடம் வசூலிப்பார்கள், லாபம் இருந்தால் தரமாட்டார்கள்.