மணல்வீச்சுக்கான ஃபோட்டோ ரெசிஸ்ட் பிலிம்: குறைகளைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

கண்ணாடியில் மணல்வீச்சு (காற்றழுத்தத்தோடு மணலைப் பீய்ச்சிச் செதுக்குவது) முடிந்தபின் எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருந்தாலோ, செதுக்கக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய பிலிம் பாதியிலேயே உரிந்து போயிருந்தாலோ, பலரும் முதலில் காற்றழுத்தத்தையும், மணல் வெளிவரும் முனையான நாசிலையும்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் எக்ஸ்போஷரிலோ (பிலிமில் ஒளி படச் செய்வது) கழுவுவதிலோ உலர்த்துவதிலோ தோன்றி, மணல் படும்போதுதான் வெளியே தெரிகிறது. ஆகவே குறை தென்பட்ட கட்டத்திலிருந்து பின்னோக்கி வந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதே சரியான வழி.

இங்கே சொல்வது தண்ணீரில் கழுவும் வகை பிலிமைப் பற்றியது. இதில் புறஊதா ஒளி பட்ட பகுதி இறுகிவிடும். பிலிமின் மேல் வைக்கும் அச்சின் (வடிவம் கருப்பாக அச்சிடப்பட்ட ஒளிபுகும் தாள்) கருப்பு மறைத்த பகுதி இளகியே இருந்து நீரில் கரைந்து போகும். அந்தத் திறப்பின் வழியாகத்தான் மணல் கண்ணாடியைத் தாக்கும். எனவே செதுக்கப்பட வேண்டியது எதுவோ அதுவே கருப்பாக அச்சாக வேண்டும்.

கழுவும்போது இருக்க வேண்டிய பகுதியும் வழுவழுப்பாகிக் கரைந்து, ஓரங்கள் சிதைந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். மெல்லிய கோடுகள் எவ்வளவு கழுவியும் திறக்காவிட்டால் ஒளி மிகுந்துவிட்டது. இந்த இரண்டும் ஒரே பிலிமில் சேர்ந்து தெரிந்தால் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ பயனில்லை, ஏனெனில் அப்போது பிழை அச்சில் இருக்கிறது. அச்சை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கருப்பின் ஊடே ஒளி கசிந்தாலோ ஊசிமுனைத் துளைகள் மின்னினாலோ, அதே கசிவு பிலிமையும் இறுக்கியிருக்கும். லேசர் பிரிண்டரின் கருப்பு கண்ணுக்கு அடர்த்தியாகத் தோன்றினாலும் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்றுவிடுகிறது.

சரியான நேரத்தை ஊகத்தால் கண்டுபிடிக்க முயல்வது பிலிமை வீணாக்குவதாகும். படிப்படியாகக் கருமை கூடும் 21 படிகள் கொண்ட சாம்பல் அளவுப்பட்டை ஒன்றை பிலிமின் மேல் வைத்து எக்ஸ்போஸ் செய்தால், எந்தப் படி வரை பிலிம் நிற்கிறது என்பது கழுவியவுடன் தெரிந்துவிடும். அதில் இரண்டு படி ஏற வேண்டுமானால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு படி இறங்க வேண்டுமானால் பாதியாக்க வேண்டும். விளக்கு பழசாகும்போது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருந்தாலும் புறஊதா ஒளி குறைந்துகொண்டே வரும் என்பதால், இந்தச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்வது அவசியம்.

கோடுகள் அச்சில் உள்ளதைவிட ஒல்லியாக வந்தால், ஒளி கருப்பின் ஓரத்துக்கு அடியில் நுழைகிறது. மை உள்ள பக்கம் பிலிமை ஒட்டியிருக்கும்படி வைத்து, வேக்குவம் பிரேமில் (காற்றை உறிஞ்சி இரண்டையும் ஒட்டவைக்கும் சட்டம்) இடைவெளியின்றி அழுத்த வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் சாதாரண டியூப்லைட்டும் பிலிமை மெல்ல இறுக்கும் என்பதால், கழுவி முடிக்கும்வரை மஞ்சள் விளக்கிலேயே வேலை செய்யுங்கள்.

கழுவியபின் திறந்த இடத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மெல்லிய படலம் தங்கிவிடுவதுண்டு. மணல் அதையும் உடைத்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் செதுக்கல் திட்டுத்திட்டாக வரும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அது மங்கலாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரைச் சீராகப் பீய்ச்சி அதை முழுவதும் அகற்ற வேண்டும்.

உலர்த்துவதில்தான் அதிகம் அவசரப்படுகிறார்கள். ஈரம் மிச்சமிருந்தால் பிலிம் மிருதுவாகி மணலைத் தாங்காது, ஒட்டும் தன்மையும் கெடும். மழைக்காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கட்டாயம் தேவை. அளவுக்கு மீறி உலர்ந்தாலோ, வளைந்த கோப்பையில் ஒட்டும்போது விரிசல் விடும். கண்ணாடியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின், ஒட்டும் இடத்தில் விரல் படக் கூடாது. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து, காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காதபடி ஒட்டுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிலிம் உரிந்தால்தான் மணல்வீச்சைப் பார்க்க வேண்டும். நாசிலைச் சாய்த்துப் பிடித்தால் மணல் ஓரத்துக்கு அடியில் புகுந்து பிலிமைக் கிளப்பும்; செங்குத்தாகப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பிலிமின் நுண்ணிய புள்ளிகள் பறந்துபோனால் அழுத்தத்தைக் குறைத்து, 180 கிரிட் (துகளின் அளவைக் குறிக்கும் எண்) போன்ற நுண்ணிய அலுமினியம் ஆக்சைடுத் துகளைப் பயன்படுத்துங்கள். ஆற்று மணலை ஒருபோதும் போடாதீர்கள். அதன் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரும். மணல் விட்டுவிட்டு வந்தால், கம்ப்ரசர் காற்றோடு வரும் நீர் மணலைக் கட்டியாக்குகிறதா என்று பார்த்து, நீர்ப்பிரிப்பானை வடித்துவிடுங்கள்.