ஸ்பின் ஐஸ்: நிறமாலைக்கு முன் நிலையைப் பாருங்கள்

2006இல் பெர்மலாய் என்னும் நிக்கல்-இரும்புக் கலவையில் செய்த குட்டிக் காந்தங்களைச் சதுர வரிசையில் அடுக்கிச் செயற்கை ஸ்பின் ஐஸை, அதாவது பக்கத்துக் காந்தங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாத அடுக்கை, உருவாக்கிக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 நானோமீட்டர் நீளம், 80 நானோமீட்டர் அகலம், 25 நானோமீட்டர் தடிமன். காந்தமாக்கத்துக்கு, அதாவது காந்தத்தின் வடக்கு-தெற்குப் போக்குக்கு, நீளவாக்கில் இரண்டே திசைகள். ஆனால் உள்ளே அது சும்மா கிடப்பதில்லை. தூண்டினால் கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நடுங்கும். அந்த நடுக்கம்தான் ஸ்பின் அலை.

இதில் நடக்கும் தவறுகளில் பெரியது, எந்தக் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமலே நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நடுக்கம் என்று உச்சங்களாகக் காட்டும் வரைபடத்தை, படிக்க உட்காருவது. ஒரே ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புலம் அதன் காந்தமாக்கத்தின் திசையிலேயே இருந்தால், புலம் கூடக்கூட அதிர்வெண் ஏறும். எதிர்த்திசையில் இருந்தால் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் காந்தம் புரண்டுவிடும், அதிர்வெண் சட்டென்று மேலே தாவும். ஆகவே அச்சில் வார்த்ததுபோல் ஒத்த இரண்டு காந்தங்கள் ஒரே புலத்தில் இரண்டு உச்சங்களைத் தரலாம். அவற்றை இரு வேறு வகை அலைகள் என்று எழுதிவிடாதீர்கள்.

'பூஜ்யப் புலத்தில் அளந்தோம்' என்று மட்டும் சொல்வதும் போதாது. எந்தப் பக்கமிருந்து பூஜ்யத்துக்கு வந்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தத் தடிமனில், அறை வெப்பநிலையில் காந்தங்கள் தாமாகப் புரண்டு சமநிலைக்கு வரா. இரவெல்லாம் காத்திருந்தாலும் பழைய நிலையே நீடிக்கும். காந்த ஊசிமுனையால் தடவிப் பார்க்கும் காந்தவிசை நுண்ணோக்கியில் எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெல்லிய காந்தங்களை அந்த ஊசிமுனையே புரட்டிவிடக்கூடும், அதையும் கவனியுங்கள்.

காந்தத்தை வெறும் அம்புக்குறியாக நினைப்பது அடுத்த சறுக்கல். நிலையைக் குறிக்க அம்பு போதும், அலையைப் புரிந்துகொள்ள அது உதவாது. நடுப்பகுதி ஓர் அதிர்வெண்ணில் ஆடும். முனைகளில் உள்புலம் குறைவதால் அங்கே தனியாக, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓர் ஆட்டம் இருக்கும். இந்த முனை ஆட்டம் விளிம்பின் சொரசொரப்பையும் பக்கத்துக் காந்தத்தின் திசையையும் உடனே காட்டிக்கொடுக்கும். எனக்கு நிறமாலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கணினியில் கணக்கிடும்போது காந்தத்தைக் குட்டிக் கட்டங்களாகப் பிரிப்போம். கட்டத்தின் அளவு பெர்மலாயின் பரிமாற்ற நீளமான (அடுத்தடுத்த அணுக்களை ஒரே திசையில் நிறுத்தும் பரிமாற்ற விசை ஓங்கியிருக்கும் தூரம்) சுமார் 5 நானோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓட்டும் நேரத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம்: 2 நானோவினாடி மட்டும் ஓட்டினால் 500 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் இரண்டு உச்சங்கள் ஒன்றாகிவிடும்.

உச்சம் தெரியவில்லை என்றால் அலையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சீரான நுண்ணலைப் புலம் எதிரெதிராக ஆடும் பகுதிகளைத் தூண்டுவதில்லை. ஒன்றின் பங்கை மற்றொன்று அழித்துவிடும்.

கடைசியாக, பிளவுபட்ட உச்சத்தைக் கண்டதும் 'காந்தங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன' என்று துள்ளுவது. இடைவெளி விட்டு நிற்கும் காந்தங்களுக்கிடையே பரிமாற்ற விசை தாண்டாது. காந்தத்தின் இரு முனைகளிலிருந்து வெளியே பரவும் இருமுனைப் புலம் மட்டுமே போகும், அதுவும் தூரத்தோடு வேகமாகத் தேய்ந்துவிடும். வார்ப்பில் சில நானோமீட்டர் அகல வேறுபாடு இருந்தாலும் இதே பிளவு வரும். அதே காந்தங்களைத் தள்ளித் தள்ளி வைத்து இன்னொரு மாதிரி செய்யுங்கள். அங்கேயும் பிளவு அப்படியே இருந்தால், அதற்கும் பக்கத்துக் காந்தத்துக்கும் தொடர்பில்லை.